சம்பளத்துக்குத் தோற்றவன்

யோஸ்கோ வெற்றிலைக்குப் பழகவில்லை,
கருவாட்டுக்குப் பழகிவிட்டான்.
மாங்குளத்திலிருந்து அம்பகாமம் போகிற பாதையில்
எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்து இறங்கிய அன்று
பிக்கப்பின் ஒரு பக்கம் மூச்சுவிட்டு நிமிர்ந்தது.
நூற்றிருபத்தெட்டுக் கிலோ.
காது இரண்டும் அவித்த பலாக்கொட்டை.

ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு.
முகக்கவசத்தைக் கழற்றி வேர்வை துடைக்கிற
அந்தப் பத்துப் பத்து நிமிடங்களாகத்தான்
தன் இருபத்தொரு வருடத்தை எங்களுக்குச் சொன்னான்.
சுகந்தமலரின் அரைகுறை இங்கிலீசில்
பாதி வந்து சேர்ந்தது.

கிராட்ஸ், பிரேமன், ஹனோவர்.
கோடைக்குக் கூடாரம், மாரிக்கு பியர் மண்டபம்.
பெயர்: சாவா ஆற்றுக் கரடி.
தோளில் ஆட்டுத்தோல். மேடையேற முதல்
தன்னைத் தானே ஒருக்கால் முகர்ந்து பார்ப்பானாம்.
வியன்னாவில் ஒரு பல் வைத்தியர்
முன்வரிசையிலிருந்து எழும்பிவந்து
குடையால் விலாவில் குத்தினாராம்.
"அண்டைக்குத்தான் என்ரை வேலை சரியா நடந்தது."

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சண்டை.
வென்றது நாலு; அதிலும் ஒன்று, எதிராளிக்கு வயிற்றோட்டம்.
வெல்லுகிறவன் வடிவான பெடியன், சுவரொட்டியில் இருப்பான்.
அவன் வடிவு தெரிய ஒருத்தன் விழவேணும்.
எத்தனையாம் நிமிடம், எந்தப் பிடி,
எல்லாம் உடுப்பு மாற்றுகிற அறையில் பேசியாகிவிடும்.

"அப்ப எல்லாம் பொய்தானே?" என்றாள் சுகந்தமலர்.
காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினான்.
மூன்று வெட்டு. தையல்கள் பூரான்போல ஏறின.
"முடிவு பொய். நிலம் பொய்யில்லை."

பிறகு விரல் துணிக்குள் ஒளிக்கிற பிளேட்டுத் துண்டைப் பற்றிச் சொன்னான்.
நெற்றியில் மெல்லிசாய் ஒரு கீறல்;
மிச்சத்தை வேர்வை பார்த்துக்கொள்ளும்.
சனம் கதிரைமேல் ஏறி நிற்கும் என்றான்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
விசில் ஊதினது.
சிவப்புக் கட்டைகளுக்குள் போய் முழங்காலில் இருந்தோம்.

சித்திரைக்கு விளையாட்டுக் கழகப் பெடியள் விடவில்லை.
வைக்கோல் பரப்பி அதன்மேல் தறப்பாள் விரித்தார்கள்,
முகாமிலிருந்து சுருட்டிவந்தது, எழுத்து அழிந்தது.
எதிராளி, தண்ணி பவுசர் ஓட்டுகிற தேவகுஞ்சரன்.
ஐம்பத்தாறு கிலோ, வாயையும் சேர்த்து.
இரண்டு பேரும் பவுசருக்குப் பின்னால் நின்று
ஏழாம் நிமிடம் என்று பேசினதை
ஊரே பார்த்தது.

பார்த்தும் கத்தினோம்.
"முறியடா அவனை!" என்று கேட்ட குரல்
என்னுடையது.
நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

ஏழாம் நிமிடம் கரடி மேலெழுந்து,
நாடியை நெஞ்சுக்குள் ஒடுக்கி,
முதுகும் உள்ளங்கையும் ஒன்றாய் அறைய விழுந்தது.
அந்தச் சத்தத்துக்கு முன்வரிசையில் ஏழெட்டுப் பேர்
தலையைப் பிடித்துக் குனிந்துவிட்டார்கள்.
பிறகுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தது.

பத்துவரை எண்ணி முடித்தார்கள்.
யோஸ்கோ கண் திறந்தான்,
வைக்கோலைத் துப்பினான், எழும்பினான்,
தேவகுஞ்சரனின் கையைத் தூக்கிப் பிடித்தான்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
தவராணியக்கா மட்டும் தட்டவில்லை.
"எழும்பிட்டான்" என்றாள்,
பக்கத்தில் ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை அவன் முழங்கால் மடங்கவில்லை.
பாதுகாப்புக் கோட்டுக்கு அங்கால்
கவிழ்த்த வாளியில் இருந்தான்.
பத்து இருபதுக்கு என் கருவி கீச்சிட்டது.
சின்னக் கரண்டியால் அரை மணித்தியாலம்,
மண்ணை விரல்விரலாய் விலக்கினால்
ஒரு சோடா மூடி.

தூக்கிக் காட்டினேன்.
வாளியில் இருந்தபடியே
உள்ளங்கையால் தொடையில் அடித்து
ஒன்று, இரண்டு என்று
எண்ணத் தொடங்கினான்.